பேனாக்கத்தி அலகுக்கு வீட்டிலேயே நிறமேற்றுதல்

பேனாக்கத்தி அலகுக்கு நிறமேற்றுதல் என்பது, மடக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சிறு கத்தியின் எஃகு அலகை உப்புத்தாளால் தேய்த்தோ, மென்மையான அமிலத்தில் நனைத்தோ, அதன் தொழிற்சாலைப் பளபளப்பை மாற்றி, மங்கிய வெள்ளி, சாம்பல், கருஞ்சாம்பல், நீலம் கலந்த கருமை போன்ற உலோகச் சாயல்களைப் பெறச் செய்வதாகும். இது வண்ணம் பூசுவது போன்றதன்று. எஃகின் மேற்பரப்பிலுள்ள இரும்பே வேதிவினைக்கு உள்ளாகி நிறம் மாறுகிறது. அழகுக்காகவே பலர் இதைச் செய்கிறார்கள் என்றாலும், சரியான முறையில் உண்டாக்கிய கருமைப் படலம் செந்துரு பிடிப்பதை ஓரளவு தாமதப்படுத்தும். பழம் நறுக்கும்போது வரும் இரும்பு வாடையையும் குறைக்கும். தவறான முறையில் செய்தால் அலகு கூரை இழந்து வெறும் தகடாகிவிடும். ஆகவே எந்த முறை அலகின் உறுதியைத் தொடாமல் நிறத்தை மட்டும் மாற்றுகிறது, எது உறுதியையே கெடுக்கிறது என்று பிரித்தறிவதுதான் இதில் முதன்மையான பாடம்.

எல்லாக் கத்திகளுக்கும் பொதுவாகப் பேசினால் குழப்பமே மிஞ்சும். எனவே உலகெங்கும் பரவலாகப் பயன்படும் ஒரு கத்தியை இக்கட்டுரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. அது பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் பிறந்த ஒப்பினெல் கத்தி. உழவுக் கருவிகள் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஜோசப் ஒப்பினெல் 1890இல் இதை உருவாக்கினார். மரக்கைப்பிடி, ஒரே அலகு, ஓர் ஆணி என்ற எளிய அமைப்பு. திறந்த அலகு தானாக மடங்கிவிடாமல் பூட்டும் சுழல் வளையம் 1955இல் சேர்க்கப்பட்டது. அளவுக்கேற்ப எண்ணிட்டு விற்கப்படும் இக்கத்திகளில் 8ஆம் எண்ணுக்கு அலகின் நீளம் 8.5 சென்டிமீட்டர். அலகில் காணப்படும் முடிசூடிய கை முத்திரை சவோய் நாட்டின் வரலாற்றோடு தொடர்புடையது. நமக்கு வேண்டிய செய்தி இதுதான்: இதே கத்தி கார்பன் எஃகு அலகுடனும் துருப்பிடிக்காத எஃகு அலகுடனும் தனித்தனியாகக் கிடைக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். நிறமேற்றும்போது இரண்டும் முற்றிலும் வேறாக நடந்துகொள்ளும்.

எந்த எஃகு என்று அறிதல்

ஒப்பினெலின் கார்பன் எஃகு அலகில் சுமார் 0.9 விழுக்காடு கார்பன் உண்டு. எஞ்சியது பெரும்பாலும் இரும்புதான். காற்றும் ஈரமும் பட்டால் அது வினைபுரியும். துருப்பிடிக்காத எஃகிலோ குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்கும். கத்திக்கான வகைகளில் பெரும்பாலும் அதைவிடக் கூடுதல். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடுப் படலமாக மேற்பரப்பை மூடிவிடுகிறது. வினிகரோ எலுமிச்சையோ அந்தப் படலத்தைத் தாண்டி உள்ளிருக்கும் இரும்பை எளிதில் தொட முடியாது.

காந்தம் ஒட்டினால் கார்பன் எஃகு, ஒட்டாவிட்டால் துருப்பிடிக்காத எஃகு என்று சொல்வோர் உண்டு. சமையலறைப் பாத்திரங்கள் பலவற்றுக்கு இது பொருந்தலாம், கத்திகளுக்குப் பொருந்தாது. கடினமாக்கக்கூடிய துருப்பிடிக்காத எஃகு வகைகளே கத்திக்குப் பயன்படுகின்றன. அவற்றையும் காந்தம் ஈர்க்கும். நம்பகமான சோதனை எளிதானது. அலகைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்து, கைப்பிடிக்கு அருகே யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டுப் பத்து நிமிடம் பொறுத்துத் துடைக்க வேண்டும். சாம்பல் நிறப் பொட்டு தெரிந்தால் கார்பன் எஃகு. அடையாளமே இல்லையென்றால் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு, அல்லது ஏற்கெனவே ஏதோ பூச்சு உள்ள அலகு.

நிறம் எங்கிருந்து வருகிறது

இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாகும் சேர்மங்கள் பல. செந்துரு என்பது நீரேறிய இரும்பு ஆக்சைடு. அது பொடிப்பொடியாகப் பெருத்து உதிரும். உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட்டு மீண்டும் துருப்பிடிக்கும். அதனால்தான் துரு ஓயாமல் உள்நோக்கித் தின்றுகொண்டே போகிறது. கறுப்பு ஆக்சைடாகிய மேக்னடைட்டு அப்படியன்று. அது எஃகோடு இறுகப் பற்றிக்கொண்டு நிற்கும். கத்திக்கு நிறமேற்றுவதில் உள்ள சூட்சுமம், இரும்பைச் சிவப்புப் பக்கம் போகவிடாமல் கறுப்புப் பக்கம் திருப்புவதே.

இரண்டாவது கருமை ஒன்றும் உண்டு. அதை நம் வீடுகளில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரும்பு அரிவாள்மணையில் வாழைப்பூவோ வாழைக்காயோ நறுக்கினால் அலகும் விரல்களும் கறுத்துப்போகும். அந்தக் காய்களின் துவர்ப்புக்குக் காரணமான டானின் என்ற பொருள் இரும்போடு சேர்ந்து, காற்றுப் பட்டதும் நீலக்கருமையான சேர்மமாக மாறுகிறது. மாசிக்காயின் துவர்ப்பையும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பையும் கலந்து ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுது மை செய்தது இதே வினையால்தான். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடுகள் விழுவதும் இப்படித்தான். துணியை முதலில் கடுக்காய்க் கரைசலில் நனைத்துக் காயவைப்பார்கள். பிறகு இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவைத்து எடுத்த சாற்றால் கோடு இழுப்பார்கள். கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சந்திக்கும் இடம் கறுக்கும். தேநீரும் காபியும் கத்தியைக் கறுக்கச் செய்வதற்கும் இதுவே அடிப்படை.

அலகைத் தயார் செய்தல்

எந்த நிறமும் அதன் அடியிலுள்ள பரப்பு எப்படியோ அப்படித்தான் தெரியும். கீறல் உள்ள அலகில் கருமை ஏற்றினால் கீறல் முன்பைவிடத் தெளிவாகத் தெரியும். ஆகவே தயாரிப்புக்குச் செலவிடும் நேரம் வீணன்று. நிறமே வேண்டாம், பட்டுப்போன்ற மங்கிய வெள்ளிச் சாயல் போதும் என்பவர்கள் இந்தப் படியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் கத்தியைத் திறந்து பூட்டு வளையத்தைத் திருப்பிப் பூட்டிவிட வேண்டும். வேலை நடுவே அலகு மடங்கினால் விரல் போகும். பிறகு கூர் முழுவதையும் இரண்டு மூன்று சுற்று ஒட்டுநாடாவால் மூட வேண்டும். அலகைக் கையில் பிடித்துக்கொண்டு தேய்ப்பதைக் காட்டிலும், மேசை விளிம்பில் வைத்த ஒரு மரப்பலகையின் மேல் படுக்கவைத்துத் தேய்ப்பது பாதுகாப்பு. உப்புத்தாளை ஒரு சிறு கட்டையில் சுற்றி, கூரின் பக்கம் விரல் வராதபடி பிடித்து, கைப்பிடியிலிருந்து முனை நோக்கி ஒரே திசையில் இழுக்க வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகி அழகு கெடும்.

400 எண் தாளில் தொடங்கி 600, 800, 1000 என்று ஏறலாம். எண் கூடக்கூடத் துகள் நுண்மையாகும். ஒவ்வோர் எண்ணிலும் முந்தைய தாளின் கோடுகள் மறையும் வரை அடுத்ததற்குப் போகக்கூடாது. பொறுமையில்லாதவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். 400இன் கோட்டை 1000 எண் தாளால் அழிக்க முயன்றால் அரை நாள் தேய்த்தாலும் போகாது. தாளில் இரண்டு சொட்டு இயந்திர எண்ணெயோ தண்ணீரோ விட்டால் எஃகுத்தூள் தாளை அடைக்காது. கண்ணாடி போன்ற மெருகு வேண்டுவோர் 2000 வரை சென்று, பிறகு பித்தளை துலக்கும் பசையைத் துணியில் தடவித் தேய்க்கலாம். வழுவழுப்பான பரப்பில் ஈரம் தங்க இடம் குறைவு என்பதால், நன்கு மெருகேற்றிய அலகு கரடுமுரடான அலகைவிடத் தாமதமாகவே துருப்பிடிக்கும். முத்திரை பொறித்த இடத்தை அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

பாட்டன் காலத்துக் கத்தி கையில் இருந்தால் உப்புத்தாளை எடுக்குமுன் ஒருமுறை யோசிக்கவும். பல ஆண்டுப் பயன்பாட்டில் தானாகப் படிந்த கருமை, வீட்டில் ஒரு மணி நேரத்தில் உண்டாக்குவதைவிட நன்றாகவே இருக்கும். தேய்த்துவிட்டால் அது திரும்ப வராது. பழைய பொருள் சேகரிப்போரும் அப்படித் தேய்க்கப்பட்ட கத்தியை மதிப்பதில்லை.

தேய்த்து முடித்தபின் அலகைப் பாத்திரம் துலக்கும் சோப்பால் கழுவி, உலர்த்தி, அசிட்டோனோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். நகப்பூச்சு நீக்கும் திரவங்கள் பலவற்றில் இருப்பது அசிட்டோன்தான். மணமும் எண்ணெயும் சேர்த்த வகை மட்டும் உதவாது. இரண்டுமே எளிதில் தீப்பற்றுபவை, அடுப்புப் பக்கம் வேண்டாம். இதன்பின் அலகை விரலால் தொடக்கூடாது. விரல்ரேகையின் எண்ணெய் பட்ட இடத்தில் அமிலம் வேலை செய்யாது. ரேகை அப்படியே வெள்ளையாக நின்றுவிடும்.

வினிகர் முறை

கார்பன் எஃகுக்கு இதுவே முதலில் செய்துபார்க்கத்தக்க முறை. கடையில் உணவுக்கென விற்கும் வெள்ளை வினிகர், அதாவது காடி, போதும். அதில் 4 முதல் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலம் இருக்கும். ஆய்வகத்தின் செறிந்த அசிட்டிக் அமிலத்தைத் தேடிப் போக வேண்டாம். அது தோலைச் சுட்டுவிடும், வினையும் கட்டுக்கடங்காது.

உயரமான கண்ணாடிக் குவளையில் கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றே கூடுதலாக வெதுவெதுப்பாக்கிய வினிகரை ஊற்றி, கத்தியைத் தலைகீழாக அலகு மட்டும் முழுகும்படி நிறுத்த வேண்டும். குவளையின் வாயில் இரண்டு குச்சிகளை இணையாக வைத்துக் கைப்பிடியை நூலால் கட்டித் தொங்கவிடலாம். மரத்தில் வினிகர் ஏறக்கூடாது. ஒப்பினெலின் கைப்பிடி பொதுவாகப் பீச் மரம். ஈரம் குடித்தால் உப்பி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே மரத்துக்கும் திரவத்துக்கும் இடையே அரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும்.

சில நிமிடங்களில் அலகின்மேல் நுண்ணிய குமிழ்கள் தோன்றும். இரும்பு அசிட்டிக் அமிலத்தில் கரைந்து இரும்பு அசிட்டேட்டு உண்டாகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் அது. அளவு மிகக் குறைவுதான். ஆயினும் சன்னலைத் திறந்து வைத்து, நெருப்பில்லாத இடத்தில் செய்வது முறை. எஃகிலுள்ள இரும்பு கார்பைடுத் துகள்கள் எளிதில் கரைவதில்லை. சுற்றியுள்ள இரும்பு கரைந்துபோக, அவை மேற்பரப்பில் கருஞ்சாம்பல் நிறமாக எஞ்சுகின்றன. கார்பன் கூடிய எஃகு நன்றாகக் கறுப்பதற்கும், சாதாரண ஆணி அவ்வளவு கறுக்காததற்கும் காரணம் இது.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, ஓடும் நீரில் கழுவி, மெல்லிய துணியால் மேலே படிந்த கரியைத் துடைத்துப் பார்த்து, மீண்டும் இறக்க வேண்டும். அரை மணியில் நடுத்தரச் சாம்பல் வரும். ஒரு மணி நேரத்தில் கருஞ்சாம்பல். அதற்கு மேல் போனால் நிறம் கூடுவதில்லை, எஃகு அரிக்கப்படுவதுதான் கூடும். இரவு முழுவதும் ஊறவிட்ட அலகு சொரசொரப்பாகிக் கூரும் மழுங்கிப்போகும். கூரை மட்டும் காக்க விரும்புவோர் முன்கூட்டியே அதன்மேல் நகப்பூச்சு தடவி உலர்த்திக்கொள்ளலாம். பிறகு அசிட்டோனால் துடைத்தால் போய்விடும். என் கருத்தில் அது தேவையற்ற வேலை. கடைசியில் சாணைக்கல்லில் நான்கு இழுப்பு இழுத்தால் புதிய கூர் வெள்ளிக்கோடாக வந்துவிடும். கருமைக்கு ஓரம் கட்டினாற்போல அதுவே அழகு.

முடிந்ததும் ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி ஆப்பசோடா கரைத்து, அலகை அதில் சில நிமிடம் வைத்து எஞ்சிய அமிலத்தை முறிக்க வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டால் மறுநாள் காலை அலகு முழுவதும் செம்மஞ்சளாக நிற்கும். கழுவி, துணியால் ஒற்றி, கைப்பிடியின் பிளவுக்குள் ஈரம் போயிருந்தால் விசிறியின் கீழ் நன்கு உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும்.

கடுகு, தேநீர், காபி

ஒரே சீரான சாம்பலுக்குப் பதில் மேகம் போன்ற கோலங்கள் வேண்டுவோர் வினிகர் சேர்த்து அரைத்த கடுகுப் பசையைப் பயன்படுத்துகின்றனர். பசையை விரல் நுனியாலோ பஞ்சாலோ புள்ளிகளாகவும் கோடுகளாகவும் அலகில் ஒற்றி, அரை மணி விட்டுக் கழுவினால், பசையின் விளிம்புகளில் கருங்கோடு விழுந்திருக்கும். காற்றும் அமிலமும் ஒருசேரக் கிடைக்கும் இடம் விளிம்பு என்பதால் வினை அங்கே மிகும். வேறு இடங்களில் ஒற்றி மூன்று நான்கு முறை திரும்பச் செய்தால் அடுக்கடுக்கான கோலம் கிடைக்கும். வினிகரில் நனைத்த மெல்லிய காகிதத்தைக் கசக்கி அலகில் சுற்றினாலும் இதே போன்ற விளைவு வரும். வினிகர் சேராத வெறும் கடுகு விழுதில் போதிய அமிலம் இல்லை.

தேநீர் மெதுவானது, ஆனால் நிறம் ஆழமானது. ஐந்தாறு தேக்கரண்டித் தேயிலையை ஒரு குவளை நீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறியபின் இரண்டு கரண்டி வினிகர் சேர்த்து, அலகைச் சில மணி நேரம் ஊறவிடலாம். வினிகர் இரும்பைக் கரைத்துக் கொடுக்க, தேயிலையின் டானின் அதைப் பிடித்துக் கறுப்பாக்குகிறது. பாலும் சர்க்கரையும் இல்லாத கடுங்காபியும் இவ்வாறே. முதலில் அரை மணி வினிகர், பிறகு ஓர் இரவு தேநீர் என்ற வரிசையில் செய்தால் நீலம் ஓடிய கருமை கிடைக்கும். இருமுறை செய்துபார்க்கப் பொறுமை உள்ளவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். பயன்பட்டவை எல்லாம் உணவுப் பொருள்களே என்பதால், அந்தக் கத்தியால் தயக்கமின்றிப் பழம் நறுக்கலாம்.

கொதிநீரால் கருமையாக்கல்

துப்பாக்கிக் குழல்களுக்குக் கருநீலம் ஏற்ற ஐரோப்பியக் கைவினைஞர் பயன்படுத்திய பழைய முறை ஒன்று கத்திக்கும் பொருந்தும். அலகில் முதலில் மெல்லிய, சீரான செந்துருவை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். வினிகரால் துடைத்து ஈரக்காற்றில் தொங்கவிட்டால் அது வந்துவிடும். பிறகு அந்த அலகைக் கொதிக்கும் நீரில் கால் மணி நேரம் பிடிக்கிறார்கள். செந்துரு கண்முன்னே கறுக்கும். நீரேறிய சிவப்பு ஆக்சைடு, அடியிலுள்ள இரும்பின் முன்னிலையில் மேக்னடைட்டாக மாறுவதே காரணம். மேலே ஒட்டாமல் நிற்கும் கரும்பொடியை மிக நுண்ணிய எஃகுப் பஞ்சால் துடைத்துவிட்டு, மீண்டும் துரு, மீண்டும் கொதிநீர் என்று நான்கைந்து சுற்று செய்தால் கருமை ஆழமாகி நிற்கும். குழாய்த் தண்ணீரின் உப்புகள் திட்டுத்திட்டாகப் படியும். மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ நல்லது. நீரின் சூடு 100 பாகை செல்சியஸைத் தாண்டாது என்பதால் எஃகின் கடினத்துக்கு எந்தத் தீங்கும் இல்லை. கைப்பிடியை மட்டும் நீராவி படாமல் ஈரத்துணி சுற்றி விலக்கிப் பிடிக்க வேண்டும்.

தீயில் காட்டினால் என்ன ஆகும்?

மாணவர்கள் பலரையும் கவர்வது, அடுப்புத் தீயில் அலகைக் காட்டி மயில்கழுத்து நீலம் வரவழைக்கும் காட்சிதான். வேதிப்பொருள் வேண்டாம், ஒரே நிமிடம், கண்ணைப் பறிக்கும் நிறம். கத்திக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மெருகேற்றிய எஃகைச் சூடாக்கினால் சுமார் 220 பாகை செல்சியஸில் வெளிர் வைக்கோல் நிறம் தோன்றும். 260 அளவில் பழுப்பு, 280இல் ஊதா, 300ஐ ஒட்டி நீலம். அந்த நிறங்கள் சாயமல்ல. சூட்டில் வளரும் ஆக்சைடுப் படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் தோன்றுபவை. மழை பெய்த சாலையில் சிந்திய எண்ணெயில் வானவில் தெரிவதும் இதே குறுக்கீட்டு விளைவுதான். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும்.

கத்தி செய்யும்போது அலகைச் சுமார் 800 பாகைக்குச் சூடாக்கிச் சட்டென்று குளிர்விக்கிறார்கள். நம் கொல்லர்கள் தோய்ச்சல் என்று சொல்வது இதைத்தான். தோய்ச்சல் பெற்ற எஃகு கண்ணாடிபோல் கடினமாகவும் உடையக்கூடியதாகவும் இருக்கும். அந்த நொறுங்குதன்மையைத் தணிக்க மீண்டும் ஏறக்குறைய 200 பாகைக்கு இதமாகச் சூடாக்குகிறார்கள். கூர் நிற்பதும் முனை உடையாதிருப்பதும் இந்த இரண்டாம் சூட்டின் அளவைப் பொறுத்தவை. வீட்டில் நீலம் வரும்வரை சூடாக்குபவர், தொழிற்சாலை நிறுத்திய இடத்தைத் தாண்டி இன்னும் 100 பாகை கொண்டுபோகிறார். கடினம் இறங்கிவிடும். கூர் பிடித்தாலும் நிற்காது. மீண்டும் முழுத் தோய்ச்சல் கொடுத்தாலொழிய இழந்த கடினம் திரும்பாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சமையல் எரிவாயுத் தீயின் சூடு 1,900 பாகை அளவை எட்டக்கூடியது. அலகின் முதுகு தடித்தது, கூர் காகிதம்போல் மெல்லியது. முதுகில் வைக்கோல் நிறம் வருமுன்பே கூர் நீலத்தையும் கடந்து சாம்பலாகியிருக்கும். எது கெடக்கூடாதோ அதுவே முதலில் கெடுகிறது.

சூட்டு நீலம் பயனற்றது என்று பொருளல்ல. கடிகாரத்தின் நீலநிற முட்களும் திருகாணிகளும் அப்படித்தான் செய்யப்படுகின்றன. அங்கே வெட்டும் கூர் தேவையில்லை. வில்கம்பிக்கும் ஏறத்தாழ அந்தச் சூடே ஏற்றது. அது வளைந்து திரும்ப வேண்டும், உடையக்கூடாது. பழைய எஃகுத் திருகாணி ஒன்றை மெருகேற்றி மணல் நிரம்பிய இரும்புக் கரண்டியில் வைத்து மெல்லச் சூடாக்கினால் நிறங்கள் வரிசையாக மாறுவதைப் பார்க்கலாம். ஆசிரியரோ பெற்றோரோ உடனிருக்க, வகுப்பில் செய்துகாட்ட அருமையான சோதனை. துத்தநாகம் பூசிய திருகாணியை மட்டும் எடுக்கக்கூடாது. அதன் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும்.

மயில்துத்தத்தின் செம்பு நிறம்

மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் அது செம்பு நிறமாவது பள்ளிப் பாடத்திலுள்ள இடப்பெயர்ச்சி வினை. கத்தி அலகையும் நனைத்தால் சில நொடிகளில் செம்பாகும். பார்க்க அழகாக இருக்கும், நிற்காது. அந்தச் செம்பு எஃகைப் பற்றிக்கொள்வதில்லை; துணியால் அழுத்தித் துடைத்தாலே உரிந்து வரும். நின்றாலும் அது நன்மையன்று. செம்பு இரும்பைவிட வினைதிறன் குறைந்த உலோகம். இரண்டும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புதான் அரிக்கப்படும். ஆகவே செம்புப் படலத்தில் விழும் ஒவ்வொரு கீறலின் அடியிலும் துரு வெறும் அலகைவிட வேகமாகப் பிடிக்கும். புளிப்பான பழம் செம்பைக் கரைத்து வயிற்றுக்குள் கொண்டுசேர்க்கும் என்பது தனி. ஆணியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

துருப்பிடிக்காத எஃகு அலகுகள்

இவ்வகை அலகுக்கு வீட்டில் பாதுகாப்பாகச் செய்யத்தக்கது உப்புத்தாள் மெருகு ஒன்றே. கருமை வேண்டுமானால் மின்சுற்று அட்டை செய்வோர் பயன்படுத்தும் பெர்ரிக் குளோரைடு கரைசல் தேவை. அதிலுள்ள குளோரைடு குரோமிய ஆக்சைடுப் படலத்தை உடைத்து உள்ளே புகும். கடையில் வாங்கிய கரைசலை மூன்று மடங்கு நீரில் ஊற்றி நீர்த்து, ஞெகிழிக் கிண்ணத்தில் சில நிமிடங்கள் மட்டும் நனைப்பார்கள். தூளாக வாங்கினால் நீரில் கரையும்போது கடுஞ்சூடும் நெடியும் கிளம்பும். கையுறை, கண்ணாடி, திறந்த வெளி மூன்றும் கட்டாயம். தோல், தரை, துணி எதில் பட்டாலும் மஞ்சட்பழுப்புக் கறை போகாது. சிறுவர் செய்யத்தக்கதன்று. பயன்படுத்திய கரைசலில் நுரை அடங்கும்வரை ஆப்பசோடா சேர்த்து, அடியில் தங்கும் சேற்றை உலர்த்திக் குப்பையில் சேர்க்க வேண்டும். எஃகுத் தொட்டியில் ஊற்றினால் தொட்டி ஓட்டையாகும்.

இப்படிக் கறுத்த அலகை வழுவழுப்பான சிறு கூழாங்கற்களோடும் கொஞ்சம் சோப்பு நீரோடும் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினால், மேடான இடங்கள் தேய்ந்து, கல்லில் உருண்டது போன்ற மங்கிய சாம்பல் கிடைக்கும். பின்னால் விழும் கீறல்கள் அதில் தெரியவே தெரியாது என்பதால் உழைக்கும் கத்திக்கு ஏற்ற சாயல் இது. ஆனால் அலகைத் தனியே கழற்ற வேண்டும். திருகாணியால் இணைத்த கத்திகளில் முடியும்; ஆணி அறைந்த ஒப்பினெலில் முடியாது.

வீட்டில் கூடாதவை

கடையில் கிடைக்கும் குளிர்நிலைக் கருமையாக்கும் திரவங்கள் பெரும்பாலும் செலினியம் சேர்மத்தால் ஆனவை. அவை நஞ்சு, உணவைத் தொடும் அலகுக்கு ஆகாது. காஸ்டிக் சோடாவையும் நைட்ரேட்டையும் 140 பாகை அளவில் கொதிக்கவைக்கும் முறை தொழிற்கூடத்துக்கு மட்டும் உரியது. மின்முலாம் பூச விரும்பித் துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியை மின்வாயாக வைப்போர் உண்டு. அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் விளைவிக்கும் ஆறு இணைதிறன் வடிவத்தில் நீரில் இறங்கக்கூடும். வினிகரையோ பெர்ரிக் குளோரைடையோ வெளுப்புத் திரவத்தோடு ஒருபோதும் சேர்க்கக்கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். வினிகரில் ஊறிய கத்தியை வெளுப்புத் திரவம் கிடக்கும் தொட்டியில் கழுவுவதும் இதில் அடங்கும்.

பிந்தைய கவனிப்பு

கருமை ஏறிய கார்பன் எஃகு அலகுக்கும் துரு வரும், தாமதமாக வரும். பயன்படுத்தியபின் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி மடக்க வேண்டும். உணவுக்குப் பயன்படும் கத்திக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் மணமற்ற திரவ பாரஃபின் சிறந்தது. தேங்காய் எண்ணெயும் ஆகும். நாள்பட்டால் சிக்கு வாடை வரும் என்பதால் அவ்வப்போது துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றுக்கு வாரம் ஒருமுறை இது தேவைப்படும்.

செந்துருப் புள்ளி தென்பட்டால் உப்புத்தாளைத் தேடாமல், எண்ணெய் தொட்ட நுண்ணிய எஃகுப் பஞ்சால் மெல்லத் தேய்த்தால் சிவப்பு போய்க் கருமை நிற்கும். சாணை பிடிக்கும்போது கூரின் ஓரம் வெள்ளையாவது இயல்பே. அந்தக் கோட்டைத் தனியே கறுக்க முயல வேண்டாம். சில வாரங்கள் மாம்பழமும் எலுமிச்சையும் நறுக்கினால் அதுவும் மற்ற பகுதியின் நிறத்துக்கு வந்துவிடும்.